நரம்புக்கு ஏற்ற மரம்



இந்த நினைவுரையின் தலைப்பை அறிவித்ததும் மன்றத் தோழர் ஒருவர் எங்களை அழைத்துக் கேட்டார்: "ஆண்டுக்கு ஒருமுறை கூடுகிறோம். பஞ்சமி நிலம் பேசலாம், ஆணவக் கொலை பேசலாம், இடஒதுக்கீடு பேசலாம். தச்சுப் பட்டறைப் பேச்சு எதற்கு?" நியாயமான கேள்விதான். ஆனால் எவர் நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ அவர் மேடையில் பேசியவர் அல்லர். மரம் அறுத்தவர். நாற்பது ஆண்டுகள் பறைக்குச் சட்டம் இழைத்தவர். நாங்கள் அவரைப் பெரியப்பா என்றுதான் அழைத்தோம், இங்கும் அப்படியே அழைக்கிறோம். தம் கடைசி இரண்டு கோடைகளில் அவர் எங்கள் இரவுப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து நரம்புக் கருவி செய்யப் பழகினார். "தோலைத் தட்டிப் பார்த்தாச்சு, கம்பியை மீட்டிப் பார்க்கலாம்" என்றார். அந்த வேலையில் எங்களை அதிகம் அலைக்கழித்தது கம்பியோ சுருதியோ அல்ல, மரம். எந்த மரம், எங்கே கிடைக்கும், யார் தருவார்கள், எவ்வளவு நாள் காய வேண்டும்? இந்தக் கேள்விகளைப் பின்தொடர்ந்து போனபோது நிலத்துக்கும் சாதிக்கும்தான் வந்து சேர்ந்தோம். ஆகவே தோழருக்கு எங்கள் பதில், இதுவும் பஞ்சமி நிலப் பேச்சுதான் என்பதே.

முதலில் கருவியின் பாகங்களைச் சொல்லிவிடுகிறோம். வீணைக்காரர்கள் வைத்திருக்கும் சொற்களே போதும். கம்பி ஓடும் நீண்ட பகுதி தண்டி. ஒலியைப் பெருக்கும் பெட்டி குடம். குடத்தின் மேல் மூடியாக இருப்பது மேற்பலகை. கம்பியைத் தாங்கி அதன் அதிர்வை மேற்பலகைக்குக் கடத்துவது குதிரை. கம்பியை முறுக்குவது பிருடை. இந்த ஐந்துக்கும் ஒரே மரம் பொருந்தாது என்பது நாங்கள் கற்ற முதல் பாடம்.

காரணம் எளிது. மீட்டிய கம்பியில் இருக்கும் ஆற்றல் மிகக் கொஞ்சம். கம்பி மெல்லியது, காற்றைப் பெரிதாக அசைக்காது. சுவரில் இரண்டு ஆணி அடித்து இழுத்துக் கட்டிய கம்பியை மீட்டினால் பக்கத்தில் நிற்பவருக்கே சரியாகக் கேட்காது. அந்தச் சிறு ஆற்றலை ஓர் அகலமான பலகைக்குக் கொடுத்து, பலகை அசைந்து காற்றை அசைத்தால்தான் ஒலி. பலகை கனமாக இருந்தால் அசையாது. மெத்தென்று இருந்தால் அசைவை உள்ளேயே விழுங்கிவிடும். ஆக மேற்பலகைக்கு வேண்டியது எடையில் குறைவு, விறைப்பில் கூடுதல். இரண்டும் ஒரே மரத்தில் சேர்ந்து வருவது அரிது. ஐரோப்பாவில் வயலினுக்கும் கிட்டாருக்கும் ஸ்புரூஸ் மரத்தைத் தேடிப் போனதன் காரணம் இதுதான். அது கனமீட்டருக்கு 400 முதல் 450 கிலோதான் இருக்கும். ஆனால் நார் ஓடும் திசையில் ஒலி அதனுள் நொடிக்கு 5000 மீட்டருக்கு மேல் பாய்கிறது. குளிர் மலையில் மெதுவாக வளர்ந்து நெருக்கமான வளையங்கள் கொண்ட மரம் அது. நம் ஊரில் அது வளராது.

தண்டியின் கணக்கு வேறு. அது ஒலிக்க வேண்டியதில்லை, வளையாமல் நிற்க வேண்டும். ஆறு எஃகுக் கம்பி கட்டிய கிட்டாரில் எல்லாக் கம்பியும் சேர்ந்து 70 கிலோ அளவுக்கு இழுக்கின்றன. நாங்கள் செய்த மூன்று கம்பிப் பெட்டியில்கூட ஒரு சிறு பிள்ளையின் எடை எந்நேரமும் தண்டியில் தொங்குகிறது என்று சொல்லலாம். ஆகவே நார் நேராக ஓடிய, கணு இல்லாத, முழுக்கக் காய்ந்த சட்டம் வேண்டும். குதிரைக்கும் பிருடைக்கும் கடினமான மரம் வேண்டும், கம்பி அறுத்து உள்ளே இறங்கக் கூடாது.

எங்கள் முதல் தோல்வி தண்டியில்தான். பெரியப்பாவுக்குத் தெரிந்த மரம் வேம்பு. பறைச் சட்டத்துக்கு வேம்பை மூன்று துண்டாக வளைவில் அறுத்து, இணைப்பில் தகடு வைத்து ஆணி அடிப்பார். அது காலமெல்லாம் நிற்கும். அதே வேம்பில் நான்கு தண்டிகள் இழைத்தோம். முதல் வாரம் அழகாக இருந்தன. கம்பி கட்டிப் பத்தாம் நாள் ஒன்று வில்லாக வளைந்தது, இரண்டு திருகிக்கொண்டன. வேம்பின் நார் ஒரு வளர்ச்சியில் இடப்பக்கமும் அடுத்த வளர்ச்சியில் வலப்பக்கமுமாகப் பின்னிக்கொண்டு வளரும். வட்டச் சட்டத்தில் அந்தப் பின்னல் பலம். பிளக்காது. நீண்ட மெல்லிய தண்டியில் அதே பின்னல் முறுக்கு. போதாததற்கு நாங்கள் எடுத்த மரம் வெட்டி மூன்று மாதமே ஆகியிருந்தது. பெரியப்பா திருகிய தண்டியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "ஈரத்துல அவசரப்பட்டா மரம் கோவிச்சுக்கும்" என்று சிரித்தார். பிள்ளைகள் சிரிக்கவில்லை, நான்கு ஞாயிற்றுக்கிழமை உழைப்பு அது.

மரம் காய்வது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், வீட்டில் கருவி செய்வோர் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். பச்சை மரத்தில் இருவகை நீர் இருக்கிறது. குழாய்களில் நிற்கும் நீர் சீக்கிரம் போய்விடும், அது போவதால் மரம் சுருங்காது. நார்ச் சுவருக்குள் ஊறிய நீர் வெளியேறும்போதுதான் சுருக்கம். அந்தச் சுருக்கமும் எல்லாப் பக்கமும் சமம் அல்ல. நீளவாக்கில் கிட்டத்தட்ட இல்லை. வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டை நோக்கிய திசையில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. இதனால்தான் மரத்தைப் பக்கவாட்டில் சீவி எடுத்த பலகை காயும்போது குழிந்துகொள்கிறது. வளையக் கோடுகள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி, அதாவது நடுவிலிருந்து பட்டை நோக்கி அறுத்த பலகை தட்டையாகவே நிற்கும். மரவாடியில் பலகையின் நுனி வெட்டைப் பாருங்கள். கோடுகள் நின்றால் எடுங்கள், படுத்தால் விடுங்கள். காசு செலவில்லாத சோதனை இது.

ஓர் அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு என்பது தச்சர்களின் பழைய கணக்கு. நுனி வழியாகத்தான் நீர் வேகமாகப் போகும், அங்கேதான் வெடிக்கும். ஆகவே அறுத்த அன்றே இரு நுனிக்கும் மெழுகோ பெயிண்டோ பூச வேண்டும். பலகைக்கும் பலகைக்கும் இடையே ஒரே கனமுள்ள ரீப்பர் துண்டுகளை வைத்து, நிழலில், தரையிலிருந்து உயர்த்தி அடுக்க வேண்டும். வாரம் ஒருமுறை ஒரே பலகையைத் தராசில் வைத்துப் பாருங்கள். எடை குறைவது நிற்கும்போது அந்த இடத்தின் காற்றுக்கு மரம் பழகிவிட்டது என்று பொருள். மளிகைக் கடைத் தராசு போதும். எங்களுக்கு ஒரு கடைக்கார அண்ணன் இரவில் கடை மூடும்போது நிறுத்துக் கொடுத்தார்.

இங்கே ஒரு பழங்கதை. பெரியபுராணத்தில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் வருகிறார். பாணர் குலம். மதுரைக் கோயிலில் அவர் யாழ் மீட்டும்போது, தரையின் குளிர்ச்சி தாக்கினால் நரம்பு தளர்ந்துவிடும், அவருக்குப் பொற்பலகை இடுங்கள் என்று இறைவன் குரல் எழுந்ததாகச் சேக்கிழார் சொல்கிறார். திருவாரூரிலோ அவர் உள்ளே போக வடக்கே தனி வாயில் வகுக்கப்பட்டதாகச் சொல்கிறார். பக்தர்கள் இரண்டையும் அருளாகப் படிக்கிறார்கள். நாங்கள் இரண்டாகவே படிக்கிறோம். முதலாவது கருவி செய்யும் அறிவு, ஈரம் யாழுக்குப் பகை என்று பாணருக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டாவது, யாழின் ஈரத்துக்கு இரங்கிய கதையிலும் மீட்டியவருக்கு முன்வாசல் திறக்கவில்லை என்பது.

யாழைத் தொட்டுவிட்டதால் இன்னொன்றும். வீட்டில் செய்த நரம்புக் கருவி பற்றித் தமிழில் உள்ள மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறது. அதில் ஓர் ஆட்டிடையன் உள்ளே துளையுள்ள குமிழ மரக் கிளையை வில்லாக்கி, மரல் நாரை முறுக்கி நரம்பாகக் கட்டி, வில்யாழ் செய்து மீட்டுகிறான். அரசவைக் கருவியல்ல. காட்டில் கிடைத்ததைக் கொண்டு செய்தது. அந்தக் குமிழ் இன்றும் நம்மிடம் இருக்கிறது. வயல் ஓரங்களில் வேளாண்காடாக நட்டு விற்கிறார்கள். எடை குறைவு, காய்ந்தபின் அதிகம் அசையாது, இழைப்புளிக்கு நன்றாக விட்டுக்கொடுக்கும். எங்கள் இரண்டாம் ஆண்டு மேற்பலகைகளில் பாதி குமிழ். படித்த நூலிலிருந்து நேராகப் பட்டறைக்கு வந்த மரம் எங்களுக்கு இது ஒன்றுதான்.

வீணைக்கு எல்லோரும் சொல்வது பலா. தஞ்சாவூர் வீணைக்குப் பண்ணுருட்டிப் பக்கத்துப் பலா பேர்பெற்றது, அந்த வீணைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பலா கனமும் அல்ல, லேசும் அல்ல. பூச்சி எளிதில் அரிக்காது, குடைந்தால் வெடிக்காது, ஒலி தெளிவு. மிருதங்கக் கட்டையும் பலாதான். அந்தக் கட்டைக்குத் தோல் மூட்டும் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020-இல் ஒரு நூல் எழுதினார். வாசிப்பவரின் பெயர் வானொலியில் வரும், தோல் மூட்டியவரின் பெயர் வராது என்பதை அதற்கு முன்பே நாம் அறிந்திருந்தோம். ஆனாலும் அவர்களின் பெயர்களோடு ஒரு நூல் வந்தது நல்லது.

எங்களுக்குப் பலா கிடைக்கவில்லை. கிடைக்காததன் காரணத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பலாவில் வைரம் ஏற 20, 30 ஆண்டுகள் வேண்டும். வெளிச்சுற்றில் உள்ள வெள்ளை மரம் எதற்கும் உதவாது. உள்ளே மஞ்சளேறிய வைரம்தான் கருவிக்கு. அப்படியானால் பலா வைத்திருப்பவர் யார்? ஒரே நிலத்தில் 30 ஆண்டு தன்னை யாரும் எழுப்ப முடியாது என்று நம்பக்கூடியவர். குத்தகைக்கு உழுபவர் கத்தரி நடுவார், பலா நடமாட்டார். நத்தம் புறம்போக்கில் குடிசை போட்டவர் முருங்கைக் கிளை ஒடித்து ஊன்றுவார், ஆறு மாதத்தில் காய்க்கும், பிடுங்கச் சொன்னாலும் பெரிய இழப்பில்லை. செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீரின் 1891 அறிக்கையும், அதன்மேல் 1892-இல் வந்த ஆணையும் நமக்கு நிலம் ஒதுக்கின. அந்த நிலங்கள் நம்மிடமே இருந்திருந்தால் இன்று நம் தெருக்களில் எத்தனை தலைமுறைப் பலா நின்றிருக்கும்? பஞ்சமி நில இழப்பை ஏக்கரில் எண்ணுகிறோம். மரத்தில் எண்ணிப் பார்த்ததில்லை. வைரம் என்பது மரத்துக்குள் சேர்ந்த காலம், அந்தக் காலம் நிலம் உடையவருக்கே கிடைத்தது.

புறம்போக்கு மரத்துக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. 2சி பட்டா என்பார்கள். நிலம் அரசினுடையது, மரத்தின் பலனை எடுக்கும் உரிமை மட்டும் ஒருவருக்கு. நம் மாணவர்களில் சிலருக்கு இதைக் கேள்விப்படுவதே முதல்முறையாக இருக்கும். உங்கள் ஊரில் ஏரிக்கரைப் புளிக்கும் பனைக்கும் இந்தப் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். சமூகவியல் களப்பணிக்கு இதைவிட நல்ல வினா எங்களுக்குத் தெரியாது.

கேட்டதற்கு எங்களுக்குக் கிடைத்த அனுபவம் ஒன்று. புயலில் சாய்ந்த ஒரு பூவரச மரம் சாலையோரம் கிடந்தது. கிளைகளை ஆட்டுக்குத் தழைக்கு வெட்டிப் போய்விட்டார்கள், அடிமரம் அப்படியே. கேட்டோம். ஒருவர் கோயில் மரம் என்றார். இன்னொருவர் பஞ்சாயத்து மரம் என்றார். மூன்றாமவர், "உங்களுக்கு எதுக்குப்பா வீணை?" என்றார். பத்து நாளில் அந்த அடிமரம் செங்கல் சூளைக்குப் போய்விட்டது. அடுத்து ஒரு மரவாடிக்குப் போனோம். பணம் கையில் இருந்தது. பிள்ளைகளைப் பார்த்தவர் எந்தத் தெரு என்று கேட்டார், சொன்னோம். பலகைகளைத் தொட்டுத் தட்டிப் பார்க்க விடவில்லை, "நான் எடுத்துத் தர்றதுதான்" என்றார். பழக்கடைக்காரர்களும் அப்படிச் சொல்வதுண்டு, இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்கலாம். எங்களுக்குப் பின்னால் வந்தவர் முப்பது பலகையைப் புரட்டிப் பார்த்து எடுத்துக்கொண்டு போனதையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

அன்றுதான் பெரியப்பா முடிவு செய்தார். விற்கிற மரம் வேண்டாம், எறிந்த மரத்தைப் பார்ப்போம்.

எறிந்த மரத்துக்கு உலகில் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. அமெரிக்க அரசு 1860-களில் சுருட்டுக்கு வரி போட்டு, சுருட்டைப் பெட்டியில் அடைத்து முத்திரை ஒட்டியே விற்க வேண்டும் என்றது. பயன்படுத்திய பெட்டியில் மறுபடி சுருட்டு அடைக்கக் கூடாது. விளைவு, நல்ல மெல்லிய மரப்பெட்டிகள் குப்பையாகக் குவிந்தன. கறுப்பின மக்களும் ஏழை வெள்ளையரும் அதில் ஒரு குச்சியைச் செருகி, கம்பி கட்டினார்கள். டெக்சாஸின் லைட்னின் ஹாப்கின்ஸ் முதலில் வாசித்தது இப்படிச் செய்த சுருட்டுப் பெட்டிக் கிட்டார்தான். மிசிசிப்பியில் இன்னும் எளிது. துடைப்பத்தைக் கட்டிய கம்பியைப் பிரித்து எடுத்து, வீட்டுச் சுவரில் இரண்டு ஆணிக்கு இடையே கட்டி, நுனியில் ஒரு புட்டியைக் குதிரையாகச் செருகிவிடுவார்கள். சுவரே மேற்பலகை, வீடே குடம். டிட்லி போ என்று அதற்குப் பெயர். நாங்கள் முதலில் பிள்ளைகளுக்குச் செய்து காட்டியதும் இதுதான், தகரக் கதவில். அந்த ஒலியைக் கேட்ட பிறகு கருவி செய்ய முடியுமா என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை.

அந்தச் சுருட்டுப் பெட்டி மரத்துக்கு ஸ்பானிஷ் சிடார் என்று பெயர். உண்மையில் அது சிடார் அல்ல, வேப்பங் குடும்பத்து மரம். கிட்டார்த் தண்டிக்குப் போகும் மகோகனி அதே குடும்பம். சிதாருக்கு வட நாட்டில் குடையும் தூண் மரம், அதாவது நம் சந்தன வேம்பு, அதே குடும்பம். மலைவேம்பும் அதே. வேம்பில் தோற்றுவிட்டோம் என்று உட்கார்ந்திருந்த பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப சொந்தக்காரன் வீட்டுலதான் பொண்ணு இருக்குன்னு சொல்லு" என்றார். ஒட்டுப்பலகைக்காக நடப்படும் மலைவேம்பு விலை குறைவு, நேர் நார், லேசு. குடத்தின் பக்கவாட்டுக்கு நன்றாக வந்தது.

கறுப்பின மக்களின் வரலாற்றில் ஓர் இடத்தில் நாங்கள் நீண்ட நேரம் நின்றோம். 1739-இல் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றோரம் அடிமைகள் கிளர்ந்தார்கள். அடுத்த ஆண்டு வந்த சட்டம் அவர்கள் முரசும் கொம்பும் வைத்திருப்பதைத் தடை செய்தது. முரசு ஆட்களைக் கூட்டும் என்ற அச்சம். சுரைக்குடுவையில் தோல் போர்த்திக் குச்சி செருகிய பாஞ்சோ, ஆப்பிரிக்காவிலிருந்து நினைவில் கொண்டுவந்த நரம்புக் கருவி, நிலைத்தது. 1687-இல் ஜமைக்கா போன ஹான்ஸ் ஸ்லோன் அதன் மூத்த வடிவத்தைப் பார்த்திருக்கிறார், 1707-இல் வெளிவந்த அவர் நூலில் படம் இருக்கிறது. அங்கே ஒடுக்கப்பட்டவர் கையிலிருந்து முரசு பிடுங்கப்பட்டது. இங்கே நம் கையில் முரசு திணிக்கப்பட்டது, சாவுக்கும் திருவிழாவுக்கும் கூலியில்லாமல் அடிக்கச் சொன்னது. அடிக்க மறுத்து அடிபட்டவர்களும் நம்மவர்கள்தான், அதே பறையை விடுதலையின் ஒலியாக மேடையேற்றியவர்களும் நம்மவர்கள்தான். பெரியப்பா இந்த இரண்டு காலத்தையும் பார்த்தவர். ஒருவர் எந்தக் கருவியை வாசிக்கலாம் என்பதை அவர் தேர்ந்துகொள்ளும் நிலை வேண்டும் என்பார். அம்பேத்கர் பிற்காலத்தில் வயலின் கற்றதைச் சொன்னால் அவர் முகம் மலரும்.

நம்மவர்களிடம் நரம்பு இருந்ததே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். மராட்டியத்தில் அம்பேத்கரிய ஜல்சாக்களில் ஒற்றைக் கம்பித் துந்துணே ஒலித்தது. மாளவத்தில் கபீர் பாடும் தலித் பாடகர்கள் தம்பூரா மீட்டுகிறார்கள். தெலங்கானாவின் தக்கலி மக்களின் கின்னெரா எங்களை வியக்க வைத்தது. மூங்கில் தண்டி, ஒலிக்குச் சுரைக்குடுவைகள், தண்டியின் மேல் மெழுகால் பதித்த மெட்டுகள். வீணையிலும் மெட்டுகள் மெழுகில்தான் நிற்கின்றன! அதே நுட்பம். ஒன்றைக் கலைமகள் மடியில் வைத்தார்கள், இன்னொன்றைப் பிச்சைக்காரக் கருவி என்றார்கள். பன்னிரண்டு மெட்டுக் கின்னெரா வாசிக்கும் மொகுலையாவுக்கு 2022-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2024-இல் அவர் ஹைதராபாத் அருகே கட்டடத்தில் கூலி வேலை செய்யும் காட்சி வெளியானது.

மூங்கிலைப் பற்றி ஒரு சொல். உள்ளே வைரம் உள்ளது மரம், வெளியே வைரம் உள்ளது புல் என்பது தொல்காப்பியம் சொல்லும் வகைப்பாடு. பனையும் மூங்கிலும் அந்தக் கணக்கில் புல். கருவி செய்பவருக்கு இது நேரடியாக உதவும் செய்தி. பலாவில் வெளிப்புறத்தைச் சீவித் தள்ள வேண்டும், பனையில் உள்ளே இருக்கும் சோற்றைத் தள்ளிவிட்டு வெளிப்புறத்தை வைத்துக்கொள்ள வேண்டும். வில்லுப்பாட்டு வில்லுக்குப் பனை பொருந்துவது அந்த வெளி வைரத்தின் விறைப்பால்தான். முதிர்ந்த மூங்கில் எடைக்கு விறைப்பு மிக அதிகம், தண்டிக்குச் சிறந்தது. 2006 வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறுவனப் பொருளாக்கியது, 2017 திருத்தம் காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரம் என்ற வரையறையிலிருந்து எடுத்தது. எனவே வேலியோர மூங்கிலுக்கு வெட்டும் அனுமதி என்று யாரேனும் மிரட்டினால் இந்தத் திருத்தத்தைச் சொல்லுங்கள்.

எல்லா மரத்துக்கும் இப்படிச் சொல்ல முடியாது. செம்மரத்தில் அலை அலையாக ரேகை ஓடும் வகைக்கு ஜப்பானில் ஷாமிசென் என்ற மூன்று கம்பிக் கருவியின் தண்டிக்காகத் தேவை உண்டு. நம் பக்கத்திலிருந்து அந்த மரத்தை வெட்டக் கூலிக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் ஆந்திரச் சிறப்புப் படை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் ஏழைகள், ஜவ்வாது மலைப் பழங்குடியினரும் அதில் இருந்தனர். செம்மரம் முழுவதும் இசைக்குப் போகவில்லை, மருந்துக்கும் மரச்சாமானுக்கும்தான் பெரும்பகுதி. ஆனாலும் அபூர்வ மரத்தில் செய்த கருவியே உயர்ந்தது என்ற எண்ணத்தை எங்கள் பட்டறையில் நாங்கள் வளர விடவில்லை. ஈட்டி மரம் பற்றியும் இதே நிலைதான். 2017 முதல் அதன் இனம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. வீட்டில் செய்யும் கருவிக்கு அது தேவையும் இல்லை.

தேவையான கடின மரம் நம் காலடியிலேயே கிடக்கிறது, சீமைக் கருவேலம். நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று திட்டித் தீர்க்கப்பட்ட மரம், கரிமூட்டம் போட்டுக் கூலி பார்க்கும் நம் மக்களுக்குச் சோறு போட்ட மரம். காய்ந்த பிறகு அது சுருங்குவது மிகக் குறைவு. இதன் உறவான மெஸ்கீட் மரத்தில் டெக்சாஸ் கைவினைஞர்கள் கிட்டார் செய்கிறார்கள். நேரான நீளத் துண்டு கிடைப்பது கடினம், ஆனால் குதிரைக்கும் பிருடைக்கும் நீளம் எதற்கு? விறகுக் கட்டிலிருந்து முழங்கை நீளத் துண்டாகப் பார்த்து எடுத்தோம். எங்கள் கருவிகள் எல்லாவற்றிலும் குதிரை சீமைக் கருவேலம்தான்.

மீதி மரம் குப்பையிலிருந்து வந்தது. தொழிற்பேட்டைகளில் இயந்திரங்கள் வந்திறங்கும் பெட்டிகளும் பலகைத் தட்டுகளும் பெரும்பாலும் பைன். நேர் நார், லேசு, ஏற்கெனவே காய்ந்தது. ஓர் எச்சரிக்கை: அவற்றில் சூடு வைத்திருப்பார்கள். ஹெச்.டி. என்றிருந்தால் வெப்பத்தால் பூச்சி நீக்கியது, எடுக்கலாம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு நச்சுப் புகை போட்டது, வேண்டாம். பிள்ளைகள் இழைத்துத் தூளைச் சுவாசிப்பார்கள். இடித்த வீட்டு நிலைக்கதவுத் தேக்கு கிடைத்தால் தண்டிக்கு அதைவிட நல்லது இல்லை, ஐம்பது ஆண்டு காய்ந்த மரம். ஆணிகளைக் காந்தம் வைத்துத் தேடி எடுத்துவிட்டு அறுங்கள்.

பழைய தேயிலைப் பெட்டியும் ஒன்று கிடைத்தது. மெல்லிய ஒட்டுப்பலகைப் பெட்டி. 1950-களில் இங்கிலாந்தின் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் அப்படிப்பட்ட பெட்டியில் துடைப்பக் கட்டையும் கயிறும் கட்டி ஒற்றைக் கம்பிக் கருவி செய்தார்கள், பீட்டில்ஸுக்கு முந்தைய ஜான் லெனனின் குழுவிலும் அது இருந்தது. அந்தப் பெட்டிகளில் போன தேயிலையில் இலங்கை மலையகத்தில் நம்மவர்கள் பறித்ததும் இருந்திருக்கும். லிவர்பூல் பிள்ளைகள் அதை அறிந்திருக்க மாட்டார்கள்.

கிடைத்த மரம் நல்லதா என்று அறிய மூன்று சோதனைகள் செய்தோம். பலகையை ஒரு நுனியிலிருந்து நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுத் தள்ளி இரு விரலால் தொங்கவிட்டு நடுவில் முட்டியால் தட்டுங்கள். அந்த இடத்தில் பலகை அசையாது என்பதால் விரல் ஒலியை அடக்காது. 'டங்' என்று நீண்டால் நல்லது, 'தொப்' என்றால் ஈரமோ உள்வெடிப்போ. இரண்டாவது எடை. ஒரே பருமனுள்ள குச்சியை அறுத்து, தண்ணீர் நிரப்பிய குழாயில் நிமிர்த்தி மிதக்கவிடுங்கள். பாதி மூழ்கினால் அதன் எடை தண்ணீரில் பாதி. மேற்பலகைக்குப் பாதிக்கும் குறைவாக மூழ்குவதைத் தேடுங்கள். மூன்றாவது விறைப்பு. ஒரே அளவில் அறுத்த பட்டைகளை இரு செங்கல்மேல் வைத்து நடுவில் ஒரு கல்லை வைத்து எவ்வளவு தொய்கிறது என்று அளவுகோலால் பாருங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இதற்கு அட்டவணை போட்டார்கள். அவர்கள் பள்ளியில் கற்ற மிதப்பு விதி அன்றுதான் அவர்களுக்குப் பயன்பட்டது.

ஒட்டுவதற்கு இப்போது ஃபெவிகால் இருக்கிறது. முன்பு தச்சர்கள் வச்சிரம் காய்ச்சினார்கள். தோலையும் எலும்பையும் வேகவைத்து எடுக்கும் பசை. வயலின் செய்வோர் இன்றும் அதைத்தான் விரும்புகிறார்கள், சூடு காட்டினால் இணைப்பு விடும், பழுது பார்க்கலாம். நரம்பு என்ற சொல்லே விலங்கின் உடலிலிருந்து வந்தது, குடலை முறுக்கிக் கட்டிய காலம் நீண்டது. செத்த மாட்டைத் தூக்கியவர் தீண்டத்தகாதவர், அதன் பசையும் குடலும் சேர்ந்த கருவி மட்டும் தெய்விகம். பெரியப்பா ஒருநாள் பழைய முறையில் வச்சிரம் காய்ச்சிக் காட்டினார். தெரு முழுக்க நாறியது, பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள், அவர் மட்டும் கரண்டியோடு உட்கார்ந்திருந்தார்.

இரண்டு கோடையில் பதினொரு கருவிகள் முடிந்தன. எட்டு நன்றாக ஒலிக்கின்றன. ஒன்றில் கம்பி உயரம் தவறு. இரண்டு அலங்காரத்துக்கு. இன்று கூட்டத் தொடக்கத்தில் பிள்ளைகள் வாசித்தது அந்த எட்டில் மூன்று.

பெரியப்பா இறப்பதற்குச் சில மாதங்கள் முன் எங்களுக்கு ஒரு பலா கிடைத்தது. ஒரு தோழரின் சித்தி பட்டா வாங்கிய வீட்டுமனையில், பட்டா வருவதற்கு முன்பே துணிந்து வைத்த மரம். இடி விழுந்து காய்ந்தது. அவரே நின்று அறுக்கச் சொல்லி, நுனிக்குப் பச்சைப் பெயிண்ட் பூசி, ரீப்பர் வைத்து அடுக்கினார். இரண்டங்குலப் பலகைகள், ஒவ்வொன்றிலும் சுண்ணாம்புக் கட்டியால் தேதி எழுதியிருக்கிறார். இரவுப் பள்ளியின் பின் தாழ்வாரத்தில் இருக்கிறது, பார்க்க விரும்பும் தோழர்கள் கூட்டம் முடிந்து வரலாம். போன வாரம் நிறுத்தபோது இன்னும் கால் கிலோ குறைந்திருந்தது.